வாப்பாமார் கடற்கரையில என்ன கதைக்கிறாங்க?

'மெய்யழகன்' படம் 2024 செப்டெம்பர் 27ஆம் திகதி தியேட்டருக்கு வந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மூன்று நிமிஷம்தான் குறைவு. வந்து ஒரு கிழமைக்குள்ளேயே "இழுவை" என்ற கதை கிளம்ப, 18 நிமிஷத்துக்கு மேல வெட்டி எடுத்தார்கள். அதில வில்லன் இல்லை, டூயட் இல்லை. சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப்போன குடும்பத்துப் பையன், 22 வருஷத்துக்குப் பிறகு நடுத்தர வயசு மனுஷனாக ஒரு கலியாணத்துக்கு ஊர்ப்பக்கம் வாறார். "அத்தான், அத்தான்" என்று அவரைச் சுத்திச் சுத்தி வாற சொந்தக்காரன் ஒருத்தன் தன் வீட்டில் கூட்டிக்கொண்டுபோய்த் தங்கவைக்கிறான். அவன்ட பெயர்கூட இவருக்கு ஞாபகம் இல்லை. ரெண்டு பேரும் விடிய விடியக் கதைக்கிறார்கள். படம் அவ்வளவுதான்.

எங்கட செட்டிலயும் தீர்ப்பு அதேதான். "ரெண்டு பெரிய ஆக்கள் கதைக்கிறத மூணு மணித்தியாலம் ஆரு மச்சான் பாக்கிற?" என்றான் ஒருத்தன். அவன் இதைச் சொன்னது சாய்ந்தமருதுக் கடற்கரையில். எங்களுக்குப் பின்னால, பத்து அடி தள்ளி, எங்கட வாப்பாமார்ட வயசில ஏழு எட்டுப் பேர் அஸர் தொழுதுட்டு வந்து இருந்து கதைச்சுக்கொண்டிருந்தார்கள். அவங்க நேத்தும் இருந்தாங்க, முந்தாநாளும் இருந்தாங்க. இந்தப் படம் எங்கட ஊரில தினமும் ஓடுது. நாங்கதான் டிக்கட் எடுத்து உள்ளே போனதில்லை.

அவங்க என்ன கதைக்கிறாங்க என்று கொஞ்ச நாளாகக் காது குடுத்துக் கேட்கிறேன். ஒளிஞ்சு நிண்டு இல்லை. பிளேன்டீ வாங்கிக் குடுக்கப் போவேன், வாப்பாட்ட பைக் சாவி வாங்கப் போவேன், அப்படியே ஒரு ஓரத்தில இருந்துடுவேன். முதல் அரை மணித்தியாலம் அரசியல். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை கிடைக்குமா கிடைக்காதா என்பது நான் பிறக்க முந்தித் தொடங்கின வாக்குவாதம் மாதிரி இருக்கு. மறுகா நெல் விலை, உரம், வட்டைக்குத் தண்ணி எப்ப வருது. அதுக்குப் பிறகு சீனி. கடையில வாங்குற சீனி இல்லை, இரத்தத்தில இருக்கிற சீனி. "எனக்கு 180." "போடா, எனக்கு 240 காட்டினது, டொக்டர் ஏசிட்டார்." அதைச் சொல்லிக்கொண்டே சீனி போட்ட டீயை வாங்கிக் குடிப்பார்கள். வயசு போவதைப் பற்றிக் கதைக்க அவங்களுக்கு இருக்கிற ஒரே வழி இந்த நம்பர்தான். "எனக்குப் பயமா இரிக்கி" என்று சொல்ல மாட்டார்கள். "240" என்பார்கள். கேட்கிறவனுக்கு விளங்கும்.

வாட்ஸ்அப்பிலயும் இதே ஆட்கள் இருக்கிறார்கள். ஓ.எல். எழுதின வருஷத்தைப் பெயராக வைத்த குரூப். காலையில பூப்படத்தோட சலாம். இடையில ஜனாஸா அறிவித்தல். கொஞ்சக் காலம் முந்தி இந்த அறிவித்தல் எல்லாம் கூட்டாளிமார்ட வாப்பா, உம்மாவுடையதாக இருந்தது. இப்ப அதே பட்ச் ஆட்களுடையதும் வரத் தொடங்கிட்டு. கீழே நாப்பது பேர் "இன்னாலில்லாஹி" போடுவார்கள். ரெண்டு மணித்தியாலம் கழிச்சு யாரோ ஒருவர் பொஞ்சாதிக்குப் பயந்த புருஷன் பற்றின பகிடி ஒன்றைத் தள்ளிவிடுவார். உடனே சிரிக்கிற முகம் வரிசையாக வரும். வாப்பாட போனில் இதைப் பார்த்தபோது முதலில் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்த ரெண்டு மணித்தியால இடைவெளியை யோசிச்சேன். கூடப் படிச்சவன் மௌத்தாகி, அதைப் பற்றி என்ன எழுதுவது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்த நேரம் அது. பகிடி வந்தது அந்த மௌனத்தை உடைக்கத்தான்.

எங்கட வாப்பாமாருக்குக் கூட்டாளிகள் இருக்கு, இடம் இருக்கு, தினமும் ரெண்டு மணித்தியாலம் நேரமும் இருக்கு. நடுத்தர வயசு ஆம்பிளைகளுக்கு உலகத்தில பல இடத்தில இல்லாத செல்வம் இது. அமெரிக்காவில் 2021இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், நெருங்கின கூட்டாளி ஒருத்தர்கூட இல்லை என்று சொன்ன ஆம்பிளைகள் 100க்கு 15 பேர். 1990இல் அது 3 பேர்தான். எங்கட கடற்கரையில கூட்டாளி இல்லாமல் தனியாக இருக்கிற ஒருத்தரைக் காட்டச் சொன்னால் எனக்குத் தேட வேண்டியிருக்கும். ஆனால் இவ்வளவு இருந்தும் காதல், பொஞ்சாதி, இழப்பு, முதுமை என்ற பக்கத்துக்குக் கதை திரும்பினால் உடனே ஒரு பகிடி வந்து மூடிவிடும். அந்த மூடியைப் பற்றித்தான் எனக்குப் பிரச்சினை.

இதை விளங்க முதலில் வீட்டைப் பற்றிக் கதைக்க வேணும்.

வெளியூர் ஆட்களுக்கு எங்கட பக்கத்துக் கலியாணம் கொஞ்சம் அதிசயம். இங்க மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போறவன். வீடு பொம்பிளைட பேரில். தமிழ் ஊரிலயும் முஸ்லிம் ஊரிலயும் இந்தக் கரையில இதுதான் வழக்கம். குடி முறையும் தாய் வழியில்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, பல வருஷம் இதை ஆராய்ந்து, 2008இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அவர் ஆராய்ந்த குடியும் சீதன வீடும் எங்களுக்கு அன்றாடச் சங்கதி, அதனால்தான் நாங்க அதைப் பார்ப்பதே இல்லை.

ஆம்பிளைப் பக்கத்திலிருந்து அதைப் பாருங்க. பிறந்து வளர்றது உம்மாட வீட்டில். அது ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விடும். கலியாணம் முடிச்சால் பொஞ்சாதிட வீடு. அங்க மாமி இருப்பா, மச்சினிமார் இருப்பாங்க, மாப்பிள்ளை என்று மரியாதையும் இருக்கும். மரியாதை இருக்கிற இடத்தில சாரனை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிம்மதியாகக் கிடக்க ஏலாது. பிறகு மகள் வளர்வாள். அவளுக்கு வீடு வேணும். ரெண்டு மகள் என்றால் ரெண்டு வீடு. இருக்கிற வீட்டை மூத்தவளுக்குக் குடுத்துட்டு, வாப்பாவும் உம்மாவும் பின்பக்கத்தில ஒரு அறையோ, அதே வளவில ஒரு சின்ன வீடோ கட்டி ஒதுங்குவார்கள். ஒரு ஆம்பிளை வாழ்நாள் முழுக்கக் கல்லும் சீமெந்தும் சுமந்து மூணு வீட்டில இருப்பான். ஒண்டும் அவன்ட இல்லை.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொம்பிளைட கையில வீடு இருப்பது இந்த நாட்டிலேயே எங்கட பொம்பிளைகளுக்கு இருக்கிற பெரிய பலம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் குடுத்த வீடுகளில் பல "குடும்பத் தலைவர்" என்று ஆம்பிளைட பேரில் பதியப்பட்டபோது, உம்மாமார் இழந்தது எவ்வளவு என்பது தனியாக எழுத வேண்டிய கதை. சீதனம் என்ற பேரில மகளைப் பெத்தவர்களை உறிஞ்சுகிறதும் தனிக் கதை. நான் இங்க சொல்ல வாறது ஒண்டுதான்: ஆம்பிளை கதைக்கிறதென்றால் வெளியேதான். அதனால்தான் கடற்கரை, ஹொட்டல், பள்ளி விறாந்தை. 'மெய்யழகன்'இல் அந்த மனுஷன் ஒரு வீட்டை இழந்ததை 22 வருஷம் நெஞ்சில வெச்சிருக்கிறார், அதுக்கு ஒரு படம் எடுக்கிறாங்க. எங்கட ஊரில ஒவ்வொரு ஆம்பிளையும் இருபத்தஞ்சு வயசில உம்மாட வீட்டை விட்டுப் போறான். அதைப் பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்தை கதைச்சு நான் கேட்டதில்லை.

வளைகுடா போன ஆட்களுக்கு இதைவிட ஒரு படி கூட. எண்ட வாப்பா 2003 கடைசியில சவூதிக்குப் போனவர். எனக்கு அப்ப ஆறு மாசம். 2022இல் ஒரேயடியாக வந்தார். இடையில ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா லீவு. 19 வருஷக் குடும்ப வாழ்க்கை முதலில் போன் கார்டிலயும் பிறகு ஐஎம்ஓவிலயும்தான் நடந்தது. அந்தக் கோல்களை நான் பக்கத்தில இருந்து கேட்டு வளர்ந்தவன். காசு வந்ததா, ஃபீஸ் கட்டினதா, கூரைக்குத் தகரமா ஓடா, மேசனுக்குக் குடுத்தாச்சா. இவ்வளவுதான். அதுக்குள்ள அன்பு இருந்தது என்று இப்ப எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோலில "உங்களத் தேடுது" என்று ரெண்டு பக்கமும் சொன்னதை நான் கேட்டதில்லை. ஒருவேளை நான் நித்திரையான பிறகு சொல்லியிருக்கலாம். அப்படி இருக்க வேணும் என்று ஆசைப்படுகிறேன்.

கேரளத்தில் இதே பிரிவுக்கு ஒரு பாட்டு இருக்கு. எஸ். ஏ. ஜமீல் எழுதின 'துபாய்க் கத்துப் பாட்டு'. வளைகுடாவில் இருக்கிற புருஷனுக்குப் பொஞ்சாதி எழுதுற கடிதம். அதோட அவர் விடவில்லை. புருஷன் எழுதுற பதில் கடிதத்தையும் பாட்டாக்கினார். எனக்கு அந்த ரெண்டாவதுதான் முக்கியம். ஒரு ஆம்பிளை தன்ட பக்கத்தைத் தன்ட வாயால சொல்கிறான். எங்கட கரையிலிருந்து இத்தனை ஆயிரம் பேர் போய் வந்திருக்கிறார்கள். அந்தப் பதில் கடிதம் இங்க இன்னும் எழுதப்படவில்லை.

வாப்பா வந்த அடுத்த வருஷம் ஒரு நாள், நான் சாவி வாங்கப் போன நேரம், செட்டில யாரோ "எப்பிடி மச்சான், இப்ப நிம்மதியா வீட்டுல?" என்று கேட்டார். வாப்பா கடலைப் பார்த்துக்கொண்டே, "என்ன செய்ற, விருந்தாளி மாதிரி இரிக்கி. எந்தச் சாமான் எவடத்த இரிக்கி எண்டும் எனக்குத் தெரியா" என்றார். ஒரு நிமிஷம் ஒருத்தரும் பேசவில்லை. அந்த நிமிஷத்தில யாராவது "எனக்கும் அப்பிடித்தான் இரிந்த" என்று சொல்லியிருக்கலாம். அங்க இருந்தவர்களில் மூணு பேர் கட்டார், குவைத் போய் வந்தவர்கள். ஆனால் ஒருத்தர், "அப்ப புதுசா ஒண்டு கட்டு மச்சான், அங்க எல்லாச் சாமானும் நீயே வெச்சிக்கலாம்" என்றார். எல்லாரும் சிரிச்சார்கள். வாப்பாவும் சிரிச்சார். கதை நெல் விலைக்குப் போய்விட்டது.

ரெண்டாம் கலியாணப் பகிடி எங்கட ஊர் நடுத்தர வயசு ஆம்பிளைகளின் தேசிய கீதம். சொல்கிறவரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது, முதல் கலியாணத்துக்கு எடுத்த கடனே முடிஞ்சிருக்காது. ஆனால் கடற்கரையில சிரிப்பாக இருக்கிற அதே பகிடி வீட்டுக்குள்ளே வந்தால் சிரிப்பாக இருக்காது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி இன்னொரு கலியாணத்துக்கு முதல் மனைவிட சம்மதம் நிபந்தனை இல்லை. அதனால் அது பொம்பிளைக்குப் பகிடியாகக் கேட்காது, மிரட்டலாகத்தான் கேட்கும். எங்கட பட்ச் பொம்பிளைப்புள்ள ஒருத்தி சொன்னா, அவட வாப்பா இந்தப் பகிடியைச் சோத்து முன்னால சொன்ன ஒவ்வொரு நாளும் உம்மா அன்று ராவு பீரோவில இருக்கிற வீட்டு உறுதியை எடுத்துப் பார்த்து வைப்பாவாம். வாப்பாவுக்கு அது தெரியாது. தன்ட தனிமையைச் சொல்லத் தெரியாத ஒரு ஆம்பிளை சொல்ற பகிடி, இன்னொருத்தியின் நித்திரையைக் கெடுக்குது.

இனிச் சுனாமி.

2004 டிசம்பர் 26. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று எங்கட கரை முழுக்க. ஆம்பிளைகளைவிடப் பொம்பிளைகளும் சின்னப் புள்ளைகளும்தான் கூடுதலாகப் போனார்கள். அம்பாறை மாவட்ட முகாம்களில் அடுத்த வருஷம் செய்த ஓர் ஆய்வில், பொம்பிளைகள் மௌத்தான வீதம் ஆம்பிளைகளைவிட ரெண்டு மடங்குக்கு மேல. காரணங்களை நீங்களே யோசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலை, பொம்பிளைகள் வீட்டோட. கையில புள்ளை. நீந்தப் பழகாத, மரம் ஏறப் பழகாத உடம்பு. உடுப்பும் முடியும் முள்வேலியில மாட்டும்.

அந்தக் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்க. ஒரே காலையில எங்கட ஊர்களில் எத்தனையோ இளம் ஆம்பிளைகள் பொஞ்சாதி இல்லாதவர்களாக ஆனார்கள். அப்ப முப்பது, முப்பத்திரண்டு வயசு. இப்ப ஐம்பது தாண்டிட்டு. கடற்கரையில சீனி நம்பர் சொல்கிற ஆட்கள் அவங்கதான்.

அவர்களில் பலர் ஒரு வருஷத்துக்குள்ள மறுகலியாணம் செய்தார்கள். தப்பிப் பிழைச்ச புள்ளைகளைப் பார்க்க ஆள் வேணும், இருக்க வீடு வேணும், ஊரும் சொந்தமும் "முடிச்சு வெச்சா ஆறிடும்" என்று நின்றது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நாப்பது நாள் கூடாரத்தில இருந்து பார்க்காதவன் நான். ஆனால் அந்தக் கலியாணத்தோட முதல் பொஞ்சாதிட பேர் ஊரிலிருந்து அழிந்துபோனது. புதுப் பொஞ்சாதிட மனசு நோகும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு ஞாபகம் வந்துடும் என்று கூட்டாளிகள் கேட்கவில்லை. இப்படி எல்லாரும் எல்லாரையும் காப்பாற்றி இருபது வருஷம் தாண்டிட்டு.

வாப்பாட செட்டில ஒரு சாச்சா இருக்கிறார். பேர் வேண்டாம். அவருக்கு முதலில் ஒரு பொஞ்சாதியும் மூணு வயசு மகளும் இருந்தது எனக்குப் பதினொண்டாம் வகுப்பில்தான் தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 26க்கும் அவர் வீட்டிலிருந்து எங்கட வீட்டுக்குச் சோறு வரும். ஏன் என்று உம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. ஆக்கிறது சாச்சி, அதாவது ரெண்டாவது பொஞ்சாதி. தான் கண்டே இராத ஒரு பொம்பிளைக்காக, அவட பேரைச் சொல்லி ஓதி, அவட மகளுக்குப் பிடிக்கும் என்று யாரோ சொன்ன வட்டலாப்பமும் செய்து அனுப்புறா. சாச்சா அன்று கடற்கரைக்கு வர மாட்டார். செட்டுக்கு ஏன் என்று தெரியும். அடுத்த நாள் வந்ததும் "எங்க மச்சான் நேத்துக் காணல்ல?" என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அவங்கட அன்பு. நான் அதை மதிக்கிறேன். இருந்தாலும் இருபது வருஷமாக அது மட்டும்தானா என்றும் கேட்கத் தோணுது. அவளை எடுத்துக்கொண்டு போன அதே கடலைப் பார்த்துக்கொண்டுதானே தினமும் நெல் விலை கதைக்கிறாங்க.

போன நோன்பில ஒரு நாள் சாச்சாவோட தனியாக இருக்க நேர்ந்தது. கொஞ்சம் துணிஞ்சு, "சாச்சா, அவங்க எப்பிடி ஆள்?" என்று மட்டும் கேட்டேன். "யாரு?" என்று கேட்கவில்லை. கன நேரம் கழிச்சு, "நல்லாக் கதைப்பா. அவ கதைச்சா நான் வாயத் தொறக்கத் தேவையில்ல" என்றார். மறுகா சோதனை எப்ப என்று என்னைக் கேட்டார். சோதனையைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, இடையில, "சைக்கிள்ல முன்னுக்குத்தான் இரிப்பா, பின்னால இரிக்க மாட்டா" என்றார். அவ்வளவுதான். பெரிசா அழுகை ஒண்டும் இல்லை. ரெண்டு வசனம். அந்த ரெண்டு வசனத்தை அவர் யாரிடமும் சொல்லக்கூடிய இடம் இருபது வருஷமாக அவருக்கு இருக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எங்கட ஆம்பிளைகள் அப்பிடித்தான், மனசில இருக்கிறதைக் கதைக்க மாட்டாங்க, அது எங்கட பழக்கம்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கட கரையில அப்படிப் பழக்கம் இருந்ததே இல்லை. நாட்டார் கவி என்று ஒன்றை நாங்க சிலபஸில படிக்கிறோமே, அது என்ன? நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துவைத்த அந்தக் கவிகளில் பெரும்பங்கு காதல்தான். மச்சானும் மச்சியும் பேசிக்கொள்கிற ஏக்கம், கோபம், கெஞ்சல், உடம்பு. வேளாண்மைக் காவலுக்குப் போன ஆம்பிளைகள் ராவு முழுக்கப் பரணில இருந்து யானைக்கும் பன்றிக்கும் விழிச்சிருந்து கவி படிச்சார்கள். ஒரு வட்டையில படிச்சால் அடுத்த வட்டையில இருந்து பதில் வரும். அதாவது எங்கட மூத்தாப்பாமார் காதலைச் சத்தம் போட்டு, இன்னொரு ஆம்பிளைக்குக் கேட்கத்தக்கதாக, வெட்கப்படாமல் சொன்னவர்கள். அது அதிகமும் இளசுகளின் காதல், ஐம்பது வயசுக்காரனின் காதல் இல்லை என்று நீங்க சொல்லலாம். சரி. ஆனால் சொல்லத் தெரியாத ஆக்கள் இல்லை நாங்க. பரண் போனது, மின்சார வேலி வந்தது, கவியும் போனது. அதன் இடத்துக்கு வந்தது வாட்ஸ்அப் பகிடி.

அவுஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கின ஒரு விஷயம் இருக்கு. 'மென்ஸ் ஷெட்' என்பார்கள். ஓய்வு பெற்ற, தனிச்சுப்போன ஆம்பிளைகள் ஒரு பட்டறையில கூடுவார்கள். மேசை செய்வார்கள், பழைய சைக்கிள் திருத்துவார்கள். இப்ப ஆயிரத்துக்கும் மேல இருக்கு. ஆம்பிளைகள் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால்தான் கதைப்பார்கள் என்பது அவங்கட அடிப்படை. இதைப் படிச்சபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட ஆக்கள் கடலைப் பார்த்துக்கொண்டு வரிசையாக இருப்பது அதேதானே. அவங்க காசு செலவழிச்சுக் கட்டின ஷெட் எங்களுக்குச் சும்மா கிடைச்சிருக்கு. குறைவு ஒரே ஒரு பழக்கம்தான். ஒருத்தர் "விருந்தாளி மாதிரி இரிக்கி" என்று சொன்னால், அடுத்தவர் பகிடிக்குப் பதிலாக "ஏன் மச்சான்?" என்று கேட்கிற பழக்கம்.

எங்கட தலைமுறைக்கும் இதில பங்கு இருக்கு. எங்களுக்குச் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. 'டொக்சிக்', 'ட்ரோமா', 'ரெட் ஃப்ளேக்' எல்லாம் ரீல்ஸ் பார்த்தே பாடமாகிட்டு. வாப்பாமாரைப் பார்த்து "பூமர்" என்று ஒரே சொல்லில முடிச்சுவிடுகிறோம். ஆனால் சொல் கூடக் கூடக் கதைக்கிறது கூடவில்லை. எங்கட செட்டில ஒருத்தனுக்குக் காதல் முறிஞ்சபோது நாங்க குடுத்தது என்ன? மூணு மீம், ஒரு "விடு மச்சான்". வாப்பாமார் செய்யிறது அதேதான், கொஞ்சம் பழைய பகிடியோட. அப்படியே போனால் இன்னும் முப்பது வருஷத்தில அந்தக் கடற்கரை வரிசையில நாங்க இருப்போம், அதே மூடியோட.

இந்தக் கட்டுரையை அனுப்ப முந்தி நான் மேலே சொன்ன பட்ச் புள்ளையிடம் படிக்கக் குடுத்தேன். அவ கோபப்பட்டா. "உங்கட வாப்பாமாருக்குக் கடல் இரிக்கி, டீக்கடை இரிக்கி. எங்கட உம்மாமார் மஃரிபுக்குப் பிறகு எங்க போய்க் கதைக்கிற? இதிலயும் ஆம்பிளைட கவலைக்குத்தானா கட்டுரை?" நியாயம். அந்தக் கட்டுரையை அவதான் எழுத வேணும், எழுதுறேன் என்று சொல்லியும் இருக்கிறா. ஆனால் நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உம்மாமாரும்தான். கடற்கரையில மூடி வைத்தது எல்லாம் கடைசியில வீட்டுக்குத்தான் வருது. கோபமாக வருது, பேசாமடந்தைத்தனமாக வருது, சோத்து முன்னால பகிடியாக வருது. டிசம்பர் 26க்கு அடுப்பு மூட்டுறது சாச்சாவா, சாச்சியா?

போன மாசம் வாப்பாட செட்டில ஒருவருக்கு இதயத்தில அடைப்பு என்று கண்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு பேர் வேன் பிடிச்சுப் பார்க்கப் போனார்கள். போக ஆறு மணித்தியாலம், வர ஆறு. வார்டில விட்டது பத்து நிமிஷம். வந்த ராவு, என்ன கதைச்சீங்க என்று வாப்பாவிடம் கேட்டேன். "என்னத்தக் கதைக்க? இறைச்சியக் குறை எண்டு ஏசினோம்" என்றார். நான் அறைக்குப் போன பிறகு உம்மாவிடம் சொல்கிறது கேட்டது: "அவன் எண்ட கையப் புடிச்சவன் விடல்ல புள்ள." உம்மா, "நீங்க?" என்று கேட்டா. "நானும் விடல்ல. நேர்ஸ் வந்துதான் போகச் சொன்ன" என்றார். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் கன நேரம் கதைச்சுக்கொண்டு இருந்தார்கள். நான் கதவைச் சாத்திட்டேன்.